இரவுக் கோச்சி போன பிறகு வரும் பத்து நிமிடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்காவின் மகள் அடுத்த மாதம் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். லீவு கிடைத்தால் இரவுக் கோச்சியில் (ரயிலில்) தனியாக வந்து இறங்கலாமா, பயமில்லையா என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். பதில் சொல்லத் தொடங்கியபோதுதான், ஒரு வருடமாக யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது என்று புரிந்தது. என் அம்மாவுக்கும் தம்பிக்கும்கூடப் பாதிதான் தெரியும். எனக்கு முன்னால் அந்த வழியில் வந்து போன ஒருவர் இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தால் நான் ஐம்பதாயிரத்துக்கு மேல் இழந்திருக்கமாட்டேன், அம்மாவின் கண் சத்திரசிகிச்சையும் தள்ளிப்போயிருக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அது 2024 ஜூலை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இரண்டு கண்ணிலும் புரை படர்ந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள், லென்ஸை வெளியில் வாங்கி வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கென்று சேர்த்த 38,000 ரூபாயை நான் அன்று காலையில் வங்கியிலிருந்து எடுத்துக் கைப்பையில் வைத்தேன். முதன்முறையாக இவ்வளவு காசை ஒன்றாகக் கையில் கொண்டுபோகிறோம் என்ற கவனம் இருந்ததே தவிர, ஊரில் போய் எடுத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை எனக்கு வரவில்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் வங்கி இருக்கிறது, காசு எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. இரவுப் பயணத்தில் பெரிய தொகையைக் காசாகச் சுமக்கத் தேவையே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் இழப்பில் பெரும் பங்கு அந்த ஒரு யோசனை வராததால் வந்தது.

கொழும்பில் நான் வேலை செய்யும் கடையை மூடி, அறைக்குப் போய், பையை எடுத்துக்கொண்டு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு வரும்போது எட்டு மணியாகிவிட்டது. பதுளைக்குப் போகும் இரவுத் தபால் கோச்சி எட்டரைக்குப் புறப்பட இருந்தது. மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடினேன். நடுப்பெட்டிகளில் நிற்க இடமில்லாத அளவுக்குச் சனம். கடைசிப் பெட்டியில் யன்னலோரம் இடம் இருந்தது, ஏறி உட்கார்ந்துகொண்டேன். இடம் கிடைத்ததே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். அந்தக் கடைசிப் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

நான் இறங்கவேண்டியது ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் உள்ள ஒரு சிறிய நிலையம். பெயரைச் சொல்வதால் யாருக்கும் நன்மை இல்லை. அந்தப் பகுதியில் உள்ள பல நிலையங்கள் இரவில் ஒரே மாதிரித்தான் இருக்கின்றன. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை அது. மலையில் விளைந்ததைக் கீழே இறக்குவதற்காகப் போட்ட பாதை என்பதால் சில நிலையங்கள் ஊரை விட்டு ஒதுங்கி, தேயிலை மலைக்கு நடுவில் நிற்கும். மேடையும் நீளமாக இருக்காது. நீளமான கோச்சி வந்து நின்றால் கடைசிப் பெட்டிகள் மேடைக்கு வெளியே, வெறும் தண்டவாளத்துக்கு அருகில் நிற்கும். பகலில் அதைப் பார்த்துக் கவனமாக இறங்குவோம். இரவில், அதுவும் ஆடி மாத மழையிலும் மூடுபனியிலும், கதவுக்கு வெளியே இருப்பது மேடையா பள்ளமா என்று கண்ணுக்குத் தெரியாது. ஏறும்போது ஐந்து நிமிடம் நெரிசலில் நின்றாலும் பரவாயில்லை, நடுப்பெட்டியில் ஏறுங்கள். பெரும்பாலும் நிலையக் கட்டடமும் வெளிச்சமும் மேடையின் நடுப்பகுதியில்தான் இருக்கும். நெரிசலால் பின்னால் ஏறவேண்டி வந்தால், கோச்சி சில நிமிடம் நிற்கும் நாவலப்பிட்டி, ஹட்டன் போன்ற பெரிய நிலையம் ஒன்றில் இறங்கி நடுப்பெட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். நாவலப்பிட்டிக்குப் பிறகு இறங்குகிறவர்களால் பெட்டிகளில் இடம் கிடைத்துவிடும்.

என்னுடைய இரண்டாவது பிழை போன். கோட்டையில் ஏறும்போது அறுபது வீதம் சார்ஜ் இருந்தது. தூக்கம் வராமல் படம் பார்த்துக்கொண்டே வந்தேன். நாவலப்பிட்டியில் எதிர்க் கோச்சி ஒன்றுக்காக வெகுநேரம் நின்றோம். மலையேறும் பாதை ஒற்றைத் தடம் என்பதால் எதிரே வருவது கடந்து போனால்தான் நமக்கு வழி கிடைக்கும், அதனால் இந்தப் பாதையில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருவோம் என்று ஒருபோதும் நம்பக்கூடாது. ஹட்டனை விட்டு சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழையும்போது ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட தாமதமாகியிருந்தது, போனில் ஒன்பது வீதம் மிஞ்சியிருந்தது. எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர் ஆட்டோவுடன் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். சுரங்கத்தைத் தாண்டி சிக்னல் கிடைத்ததும் அவருடைய குறுஞ்செய்தி வந்தது: கீழ் வளைவில் மண் சரிந்து பாதை மூடியிருக்கிறது, விடியும்வரை வரமுடியாது, ஸ்டேஷனிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். அழைத்துப் பேச முயன்றேன், இரண்டு முறை அறுந்தது. தம்பியை எழுப்பவேண்டாம், மழைக்குள் நடந்து வரக் கிளம்பிவிடுவான் என்று நினைத்து அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது நான் எந்தப் பயணத்திலும் இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறேன்: அழைத்துப்போக வருபவர் ஒருவர், அவர் வராவிட்டால் என்ன செய்வதென்று யோசிக்க வீட்டில் ஒருவர். அழைக்க வேண்டிய இலக்கங்களை ஒரு மட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், போன் அணைந்தாலும் வேறொருவரின் போனில் பேசலாம்.

கோச்சி நின்றது. கதவைத் திறந்து படியில் கால் வைத்தேன். வெளியே கறுப்பாக இருந்தது, மழைத் தூறல் முகத்தில் அடித்தது. முன்னால் வெகு தூரத்தில் பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் கரைந்து தெரிந்தது. மேடை இருக்கிறது என்ற நினைப்பில் வலது காலைத் தூக்கி வைத்தேன். கால் எதையும் தொடவில்லை. ஒரு நொடிக்குள் நான் சல்லிக்கல்லின் மேல் கிடந்தேன்; இடது கணுக்கால் உள்பக்கமாக மடங்கி, வலது உள்ளங்கை கல்லில் கிழிந்திருந்தது. எழும்ப முயலும்போது தலைக்கு மேலே ஒரு நீண்ட இரும்பு முனகல் கேட்டது, கோச்சி நகரத் தொடங்கியது. என் முழங்கையிலிருந்து ஒன்றரை முழத்தில் சில்லு உருண்டது. கல்லிலும் சிலிப்பர் கட்டையிலும் அதன் அதிர்வு வந்து என் வயிற்றுக்குள் ஏறியது. சரிந்திருந்த ஓரத்தில் முதுகைப் பதித்து, பையை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். கடைசி விளக்கு கடந்து போனதும்தான் மூச்சு விட்டேன். அந்தச் சில நொடிகளை இப்போதும் கனவில் காண்கிறேன். ஆகவே இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கதவுக்கு வெளியே டோர்ச் அடித்துப் பார்க்காமல் காலை வைக்காதீர்கள். மேடை தெரியாவிட்டால் இறங்கவேண்டாம். உள்ளே நின்று சத்தமாகக் குரல் கொடுங்கள், கதவு வழியே டோர்ச்சை ஆட்டுங்கள். நிலையம் தவறிப்போனால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கே விடியும்வரை இருக்கலாம், இழப்பது இரண்டு மணி நேரமும் கொஞ்சச் சில்லறையும்தான். கோச்சி நகரத் தொடங்கிய பிறகு குதிப்பதும், எதிர்ப்பக்கக் கதவால் இறங்குவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

நொண்டிக்கொண்டே மேடையின் சரிவில் ஏறினேன். முன்பெட்டிகளிலிருந்து இறங்கிய மூன்று நான்கு பேர் அதற்குள் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்கள். காத்திருப்பு அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகும் பருவம். அந்த மாதங்களில் ஹட்டன் ஸ்டேஷன் நள்ளிரவு இரண்டு மணிக்கும் பகல்போல இருக்கும், மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்கள் வரிசையாக நிற்கும், தேநீர்க் கடை திறந்திருக்கும். அதற்கு முன்பு நான் இரவில் வந்ததெல்லாம் தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும்தான். அந்தக் கூட்டத்தைப் பார்த்து, இரவு என்றால் இப்படித்தான் என்று பழகியிருந்தேன். பருவம் முடிந்த ஆடி மாத இரவு வேறு உலகம். ஊருக்கு வரும் மாதத்தைப் பார்த்து முடிவெடுங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் தனியாக வருவதென்றால் சிறிய நிலையத்தில் இறங்காமல் ஹட்டனிலேயே இறங்கி, வெளிச்சத்தில் விடியும்வரை இருந்து, முதல் பஸ்ஸில் போவதே மேல்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். மழைக் கோட்டு போட்டிருந்தான், வயது நாற்பது இருக்கும். "என்ன தங்கச்சி, விழுந்துட்டீங்களா? கையில ரத்தம் வருதே" என்று தமிழில் கேட்டான். அந்த இருட்டில் தமிழில் ஒரு குரல் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்காமல் சொல்கிறேன். எந்தத் தோட்டம், யாருடைய மகள் என்று விசாரித்தான், எங்கள் டிவிஷன் பெயரைச் சொன்னதும் தெரிந்ததுபோல் தலையாட்டினான். கீழே ரோட்டில் ஆட்டோ இருக்கிறது, மண் சரிந்த இடம்வரை கொண்டுபோய் விடுகிறேன் என்றான். நான் நடக்கச் சிரமப்படுவதைப் பார்த்து, "பையைக் கொடுங்க தங்கச்சி" என்று கை நீட்டினான். கொடுத்தேன். படியில் எனக்கு முன்னால் இறங்கினான். முதல் பத்துப் படிக்கு மெதுவாகப் போனான். வளைவில் வேகமாகத் திரும்பினான். நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வளைவுக்கு வந்தபோது அங்கே மழைதான் இருந்தது. ஆட்டோவும் இல்லை, ஆட்டோ கிளம்பும் சத்தமும் இல்லை.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கவேண்டும். கத்தினால் நாளைக்கு ஊர் முழுக்க, வயதுக்கு வந்த பெண்ணுக்கு நள்ளிரவில் ஸ்டேஷனில் என்ன வேலை என்று பேசுவார்களே என்ற நினைப்புத்தான் என் தொண்டையை அடைத்தது. பை போன வேதனையைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. அதனால்தான் பிள்ளைகளை வளர்க்கிறவர்களிடம் சொல்கிறேன், உதவி கேட்பதற்கு வெட்கப்படும்படி நாம் அவர்களை வளர்த்துவிட்டோம். அந்த ஆள் கெட்டிக்காரன் என்று நான் நினைக்கவில்லை. நான் விழுந்து, தனியாக, பதறிப்போய் நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் யார் அன்பாகப் பேசியிருந்தாலும் பையைக் கொடுத்திருப்பேன். கோச்சி போன பிறகு வரும் அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருக்கவேண்டும். காசு, அடையாள அட்டை, போன் மூன்றும் உடம்போடு இருக்கவேண்டும். பையில் துணி மட்டும் இருக்கட்டும். தானாக வந்து உதவி செய்கிறவர் நல்லவராகவே இருந்தாலும், முதலில் அவரையும் அழைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போங்கள். நல்லவர் என்றால் வருவார்.

மறுபடி படியேறி மேலே வந்தேன். நிலைய அதிபரின் அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. இதை நான் முதலிலேயே பார்த்தும் தட்டவேண்டும் என்று தோன்றவில்லை. அது அதிகாரியின் அறை, நமக்கு அங்கே என்ன வேலை என்ற பழக்கம். அவர் கதவைத் திறந்தார், சிங்களம் பேசுகிறவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கியதும் கையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். சுவரில் இரும்பு வளையங்கள் தொங்கின. பாதை காலியாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாகச் சாரதியிடம் கொடுத்து வாங்கும் டெப்லட் என்ற உலோக வில்லை அந்த வளையத்தில்தான் போகும். அது இருப்பதால்தான், இரவில் கோச்சி வந்து போகும் நேரத்தில் அந்த அறையில் ஒருவர் விழித்திருக்கிறார். அவர் சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார், டோர்ச்சுடன் படிவரை போய்ப் பார்த்து வந்தார், பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைத்துச் சொன்னார். 1990க்கு அழைக்கட்டுமா என்றும் கேட்டார். அம்புலன்ஸ் வந்தால் காசு கேட்பார்களே என்று பயந்து வேண்டாம் என்றேன். 1990 இலவசம் என்பது எனக்கு அன்று தெரியாது. விடிந்த பிறகு ஆட்டோவுக்கு 1,800 ரூபாய் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இறங்கியதும் அந்த அறைக் கதவைத் தட்டி, "மாத்தையா, வீட்டாள் வரும்வரை இந்த வெளிச்சத்தில் இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

பொலிஸில் அன்று பகல் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாததில் கையெழுத்துப் போடமாட்டேன், தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டவேண்டும் என்று சொன்னேன். இதை மட்டும் அன்று சரியாகச் செய்தேன். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி, 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் அதைச் சொல்கிறது, கேட்பதில் தவறில்லை. வாசித்தபோது பார்த்தால், பை திருடப்பட்டது என்பதற்குப் பதிலாகத் தொலைந்தது என்று எழுதியிருந்தது. திருத்தச் சொல்லி, திருத்திய பிறகுதான் கையெழுத்திட்டேன், முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொண்டேன். அந்த இலக்கமும் பிரதியும் இல்லாமல் புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாது. வங்கி அட்டையை இரவே நிலைய அதிபரின் போனில் அழைத்து நிறுத்திவிட்டேன், அதனால் கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை. போன் என் சட்டைப்பையில் இருந்ததால் தப்பியது. உங்கள் போனில் *#06# அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க எண்ணை இன்றே எழுதி வீட்டில் வையுங்கள், போன் திருட்டுப்போனால் முறைப்பாட்டில் அதைத்தான் கேட்பார்கள். பெண்களுக்கு வேறு விதமான தொல்லை நேர்ந்தால் 1938 என்ற உதவி இலக்கம் இருக்கிறது. அதையும் மட்டையில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். போன காசு 38,000. காலில் எலும்பு முறியவில்லை, ஆனால் கட்டுப் போட்டு நடக்கக்கூடாது என்றார்கள். அதற்கும், கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைந்ததற்கும், கடைசியில் பத்தரமுல்லையில் ஒருநாள் சேவையில் அடையாள அட்டை எடுத்ததற்குமாகச் சம்பளமில்லாமல் போனது ஒன்பது நாள், நாளுக்கு 1,500 வீதம் 13,500. ஆட்டோவும் பஸ்ஸும் கட்டணங்களுமாக 6,200. மொத்தம் 57,700 ரூபாய். அம்மாவின் சத்திரசிகிச்சை ஆறு வாரம் தள்ளிப்போனது. பையில் அம்மாவின் கிளினிக் கொப்பியும் இருந்தது. புதிய லென்ஸ் அளவைக் கடையில் காட்டுவதற்காக நான்தான் போன முறை வந்தபோது கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தேன். திங்கட்கிழமை காலையில் கொழுந்தெடுக்கப் போன அக்காமார், ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள மலையில் தேயிலைச் செடிக்குள் கிடந்த பையைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள். காசும் அட்டைகளும் இல்லை, கொப்பி இருந்தது. மூன்று நாள் மழையில் தாள்கள் ஊதி ஒட்டிப்போயிருந்தன. ஒருவர் அதை அடுப்படியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தார். டாக்டர் எழுதியதெல்லாம் நீல நீராகப் பரவியிருந்தது, மட்டையில் போல்பொயின்ட்டால் எழுதிய கிளினிக் இலக்கம் மட்டும் தெரிந்தது. அந்த இலக்கத்தை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் பழைய பதிவைத் தேடி எடுத்தார்கள். வைத்தியக் காகிதங்களைப் போனில் படம் பிடித்து வீட்டிலுள்ள இன்னொருவருக்கு அனுப்பிவைக்க இரண்டு நிமிடம் போதும்.

செப்டெம்பரில் அம்மாவுக்கு முதல் கண் முடிந்தது. அதற்குப் பிறகு நான் நான்கு முறை இரவில் வந்திருக்கிறேன். நடுப்பெட்டி, கழுத்தில் சிறிய டோர்ச், சட்டைக்குள் காசுப் பை; ஹட்டனில் இறங்கி வெளிச்சத்துக்குக் கீழே உள்ள வாங்கில் உட்கார்ந்திருப்பேன், தம்பி முதல் பஸ்ஸில் வந்து அழைத்துப்போவான். போன மாதம் பகலில் அந்தச் சிறிய நிலையத்துக்குப் போனேன், எனக்குப் பிளேன்டீ கொடுத்தவர் இடமாற்றத்தில் போய்விட்டார். மேடையின் அந்தக் கோடியில் இப்போதும் விளக்கு இல்லை, மேடை முடிகிறது என்று காட்ட ஒரு வெள்ளைக் கோடும் இல்லை. இரண்டையும் கேட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் எழுதி, எங்கள் தோட்டத்தில் அறுபத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, இப்போதுள்ள நிலைய அதிபரிடம் கொடுத்தேன். மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். பிரதியில் திகதி போட்டு முத்திரை குத்தித் தரும்படி கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்; இந்த மாதம் முடிவதற்குள் பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு அடுத்த அலுவலகத்துக்குப் போவேன்.